செவ்ரானில் ஒரு நீலத் தறப்பாள்

பாரிஸில் நான் இருந்தது இருபத்தொரு நாள். அதில் பாதி நாட்கள் ஒரு மெஷினைப் பற்றி யோசித்தே கழிந்தன. ஈஃபிள் கோபுரத்தை நான் விமானத்தில் இருந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஜன்னல் பக்கம் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. இந்த வெட்கம் சின்ன வயதில் இருந்தே என்னோடு வருகிறது. ஐம்பத்திரண்டு வயதிலும் விட்டுப்போகவில்லை.

தங்கச்சி, வா என்று என்னை அழைத்தவர் அண்ணை. முப்பது வருடம் ரெஸ்ரோரண்ட் குசினிகளில் புகைக்குள் நின்றவர். சுவாசப்பை இரண்டும் பழுது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "செய்ய ஏலாதெண்டால் நான் வீட்டை போறன்" என்று சொல்லிவிட்டாராம். ஒட்சிசன் மெஷின் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய அறை எப்போதும் இருபது பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்க் காற்றை அவருடைய மூச்சு தாங்காது.

அண்ணை மச்சாளிடம், அதாவது தன் மனைவியிடம், கேட்டதும் ஒன்றுதான். "என்னைத் திரும்ப அங்கை மட்டும் கொண்டுபோய் விடாதையும்."

மச்சாளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். பகலில் அண்ணையோடு இருக்க ஒரு ஆள் வேண்டும். அதற்காக நான் உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தைப் பக்கத்து வீட்டாரிடம் பாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் பாரிஸின் புறநகரான செவ்ரானில், அண்ணையின் வீட்டு வாசலில் இறங்கியபோது மூக்குக்குள் ஏதோ குத்தியது. மூக்கு நீர் உறைந்தால் அப்படி இருக்குமாம். வீட்டுக்குள் போனதும் புட்டின் மணம் வந்தது. பெட்டித் தேங்காய்ப் பூவில் அவித்த புட்டு, கூடவே கத்தரிக்காய்க் குழம்பு. அண்ணை கீழ் அறையில், மூக்கில் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்து இருந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன்.

"பிள்ளை, நிமிந்து சாப்பிடு. நான் இன்னும் போகேல்லை" என்றார் அண்ணை.

அன்றுதான் அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டேன். குசினிக்குப் பின்னால் வெளிச்சுவரோடு ஒரு சின்ன அலுமாரி அளவில் நின்றது. முன்பக்கம் பெரிய விசிறி. அதில் இருந்து குழாய்கள் வீட்டுக்குள் வந்து, ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேற்றர்களுக்குச் சூடான தண்ணீரைக் கொண்டுபோகும். பெரிய நிறுவனம் ஒன்று போட்டுத் தந்ததாம். இவர்கள் எல்லோரும் அதைப் 'பொம்ப்' என்கிறார்கள். பம்ப் என்றால் எனக்குத் தெரிந்த சாமான். எங்கள் கிணற்றில் இருபது வருடமாக நான்தான் வாட்டர் பம்ப் போட்டு இறைக்கிறேன். அந்தச் சத்தம் எனக்கு ஊர் ஆள் ஒருவரைக் கண்டதுபோல இருந்தது.

இரண்டாம் நாள் வீட்டின் முறைகளைப் பழகினேன். மச்சாள் படுக்கப்போகும் முன் பொம்ப்பை நிறுத்துவார். "எல்லாரும் போர்வைக்குள்ளை. சும்மா ஏன் ஓடுவான்?" அண்ணையின் அறையில் மட்டும் ஒரு சின்னக் கறண்ட் ஹீற்றர் எரியும். விடிய எழும்பியதும் பொம்ப்பை இருபத்தைந்தில் போடுவார். எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டிலும் படுக்கமுன் ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்து நிறுத்துவோம். அண்ணை உடுக்கும் சாரங்களைத் தோய்த்து ரேடியேற்றர்களின் மேல் விரித்தேன். ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தன. உரும்பிராய் வெயிலுக்குக்கூட அந்த வேகம் இல்லை.

நான்காம் நாள் பனி கொட்டியது. அன்று மைனஸ் எட்டு என்று அண்ணை தொலைபேசியில் பார்த்துச் சொன்னார். இங்கேயே இப்படிக் குளிர் எப்போதாவதுதான் வருமாம். மத்தியானம் குப்பை போடப் பின்பக்கம் போனேன். பொம்ப்பின் முதுகுத் தகடுகள் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தன. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே விசிறி நின்றது. உள்ளே 'புஸ்' என்று ஒரு சத்தம். பிறகு ஆவி கிளம்பியது.

நான் பயந்துபோனேன். அண்ணையின் உயிர் இந்த மெஷினில் ஓடுகிறது. அது பனியில் நனைந்து விறைத்து நிற்கிறது. மாரியில் எங்கள் வாட்டர் பம்பை நான் ஒருநாளும் நனைய விட்டதில்லை. சாக்குப் போட்டு, அதற்கு மேல் தண்ணீர் இறங்காத தறப்பாள் போட்டு, காற்றுக்குக் கிளம்பாதபடி கட்டிவிடுவேன். இங்கேயும் கராஜில் நீலத் தறப்பாள் ஒன்று மடித்துக் கிடந்தது. நீலக் கயிறும் இருந்தது. அண்ணை நித்திரை. அவரை எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. மச்சாளுக்கு வேலை நேரத்தில் கோல் எடுக்கக் கூச்சம். வெங்காயக் குவியலுக்குக் கட்டுகிறமாதிரி நாலு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டேன். விரல் விறைத்து நகக்கண்ணில் இரத்தம் வந்தது. வந்த நாளில் இருந்து அன்றுதான் ஏதோ உருப்படியாகச் செய்ததாக நினைத்தேன்.

மச்சாளிடம் சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்லிக் காட்டுவதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன். பின்பக்க ஜன்னல்களின் இரும்புத் தட்டிகளைக் குளிருக்காக இறக்கி வைத்திருந்தோம். அதனால் அவர் கண்ணில் அது படவே இல்லை.

ஐந்தாம் நாள் வீடு பதினேழு. மச்சாள் பொம்ப்பை இருபத்தெட்டில் போட்டார். ஆறாம் நாள் பதினைந்து. சுவரில் இருந்த சின்னத் திரையில் ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் வந்து மினுங்கின. நிறுவனத்துக்கு மச்சாள் கோல் எடுத்தார். அடுத்த கிழமைதான் ஆள் அனுப்ப ஏலும் என்றார்களாம். "இந்தக் குளிரிலை எல்லாற்றை பொம்ப்பும் படுத்திட்டுதாம்" என்று மச்சாள் வந்து சொன்னார். நானும் நம்பினேன். நான் போர்த்திவிட்டும் இப்படி என்றால், போர்த்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அன்று பின்னேரம் வழமையாக வரும் நேர்ஸ் வந்தார். அண்ணையின் விரலில் ஒட்சிசன் அளக்கும் கவ்வி ஒன்றை மாட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். பிரெஞ்சில் மெதுவாக, ஆனால் நீளமாகச் சொன்னார். மச்சாள் எனக்குத் தமிழில் சொன்னது இரண்டு வரிதான்: "நாளைக்கிடையிலை அறை சூடாக வேணுமாம். இல்லாட்டி அவரை எடுத்துக்கொண்டு போக வேண்டி வருமாம்."

அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று இடியப்பமும் சொதியும் அப்படியே இருந்தன.

ஏழாம் நாள் மச்சாள் லீவு எடுத்து வீட்டில் நின்றார். என்னைப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு அனுப்பினார். அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் அண்ணையின் பழைய கூட்டாளி சிவா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே மத்தியானம் சாப்பிட வரும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்கு இந்தப் பொம்ப் வேலை தெரியுமாம். தொலைபேசியில் கேட்டால் பார்ப்போம் என்றுதான் சொல்லுவார், ஆள் போய் முன்னுக்கு நின்றால் வருவார் என்பது சிவா அண்ணையின் யோசனை. திரையில் மினுங்கிய எழுத்தையும் எண்களையும் ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

ரயிலில் இருந்து இறங்கி நடந்தால் லா சப்பல். தெருவுக்கு மேலால் இரும்புப் பாலத்தில் மெத்ரோ ஓடுகிறது. கீழே முருங்கைக்காய், பிலாக்கொட்டை, சீலைக்கடை, நகைக்கடை. நீட்டுப் பாணைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கருவாட்டை மணந்து பார்த்துக்கொண்டு நின்றார். கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருந்தன. ஊர்ப் பெயர், பாரிஸில் இருந்த இடம், படம். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். வாசிக்கக் கூடாது என்று நினைத்தும் கண் போனது. எல்லோரும் அண்ணையின் வயதுக்காரர்கள்.

சிவா அண்ணையின் கடையில் ஆறு மேசை. கொத்துரொட்டிச் சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. எனக்கு அது வசதியாக இருந்தது. மூலையில் இருந்தேன். கேட்காமலே தோசையும் பிளேன்ரீயும் வந்தன. பக்கத்து மேசையில் ஒருவர், "அண்ணை, சம்பலிலை உறைப்பைக் காணேல்லை. பிரெஞ்சுக்காரருக்கு அரைச்சதோ?" என்று கேட்டார். "உம்மடை வாயிலை இருக்கிற உறைப்பே போதும்" என்றார் சிவா அண்ணை.

பாண்டிச்சேரிக்காரர் ஒன்றரை மணிக்கு வந்தார். பெயர் அருளப்பன். நாற்பது வயது இருக்கும். தடித்த வேலைச் சட்டை. சிவா அண்ணை என்னைக் காட்ட, எதிரில் வந்து இருந்து துண்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த எர்ரர் வந்தா வெளிய இருக்கற யூனிட்டுக்குக் காத்து பத்தலன்னு அர்த்தம்க்கா. பனி மூடிக்கிச்சா? பின்னால சாமான் ஏதாச்சும் அடுக்கி வச்சிருக்கீங்களா?"

நீலத் தறப்பாள் கண்ணுக்குள் வந்தது. "இல்லை" என்றேன்.

சிவா அண்ணை கரண்டியோடு வந்து நின்றார். "மைனஸ் எட்டிலை காத்துக்குள்ளை என்ன சூடு கிடக்கு? உங்கடை ஆக்கள் சும்மா கதை சொல்லி வித்துப்போட்டினம்."

"நமக்குத்தான் அது குளிரு அண்ணே. அந்த மெஷினுக்குள்ள ஓடற வாயு அதவிட ஜில்லுன்னு இருக்கும். அதுக்கு மைனஸ் எட்டும் வெயில்தான். அந்தக் காத்துல இருந்து இருக்கற சூட்டக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி உள்ள கொண்டுவந்து சேக்குது. விசிறி எதுக்கு ஓடுது? காத்த இழுக்கத்தான்."

"அப்ப ஐஸ் பிடிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"பிடிக்கும். அதுவே நின்னு, தன்னைத்தானே சூடாக்கி, கரைச்சு விட்டுட்டுத் திரும்ப ஓடும். அப்ப ஆவி வரும். பாத்துட்டுச் சில பேரு நெருப்புன்னு பாம்பியேவக் கூப்பிட்டுடுவாங்க." தீயணைப்புக்காரரைத்தான் அப்படிச் சொன்னார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். "நல்லா உழைக்கற மெஷின்க்கா அது. நாமதான் சும்மா இருக்க விடமாட்டோம். ராத்திரி நிறுத்துவீங்களா?"

"ஓம்."

"அதான். குளிர் நாள்ல அத நிறுத்தவே கூடாது. வீடு ஆறிப்போயிடும். காலைல இருபத்தஞ்சுல போட்டாலும் அது வேகமா ஓடாது, அதால முடியாது. உள்ள ஒரு ஹீட்டர் கம்பி இருக்கு, அது எரிய ஆரம்பிக்கும். கரண்ட்ட முழுங்கும். இருபதுன்னா இருபது, ராவும் பகலும். மெதுவா, நிக்காம ஓடணும். ரேடியேட்டர் மேல துணி காயப்போடறீங்களா?"

"ஓம்."

"துணிய எடுங்க. ரேடியேட்டர் குழாய் எல்லாத்தையும் திறந்து விடுங்க." தோசையைப் பிய்த்துக்கொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "போன வாரம் பொபினில ஒரு வீட்டுல யூனிட்டுக்குக் கம்பளி போத்தி வச்சிருந்தாங்க. மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி. நீங்க அப்படி எதுவும் போத்தலையே?"

கடை முழுக்க என்னையே பார்ப்பதுபோல இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் மட்டும், "கம்பளியோ? பாவம், பொம்ப்புக்குத் தடிமன் காய்ச்சல் எண்டு நினைச்சிருப்பினம்" என்றார். திரும்பச் சிரிப்பு.

"இல்லை" என்றேன்.

"அப்ப நேர்ல பாத்தாதான் தெரியும். நாளைக்குக் காலைல வர்றேன்."

ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் உடனே வீட்டுக்குக் கோல் எடுக்கச் சொல்லியிருப்பார். மச்சாள் ஒரு கத்தியோடு வெளியே போயிருப்பார். ஐந்து நிமிட வேலை. நான் நினைத்தது வேறு. முக்கால் மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன், யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துவிடுவேன், தறப்பாளைப் பழையபடி மடித்து வைத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ரயில் கார் து நோர் ஸ்டேஷனில் இருந்து கிளம்பிக் கொஞ்சத் தூரத்தில் நின்றது. ஸ்டேஷன் இல்லாத இடம். இரண்டு பக்கமும் பனியும் கொங்கிறீட் சுவரும். ஒலிபெருக்கியில் யாரோ கதைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். எதிரில் இரண்டு தமிழ்ப் பெட்டைகள் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்: "அன்ரி, மேலை கறண்ட் வயரிலை ஐஸாம். வெயிற் பண்ணட்டாம்."

"எவ்வளவு நேரம்?"

அவள் தோளைக் குலுக்கினாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அவளிடம் ஏதோ சொன்னார். பெட்டை சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "ரெண்டு சென்ரிமீற்றர் பனி விழுந்தால் இந்த நாடு படுத்திடுமாம்."

நான் தொலைபேசியை எடுத்தேன். மச்சாளின் பெயர் வந்தது. என்ன சொல்லித் தொடங்குவது? 'மச்சாள், நான் ஒரு வேலை செய்துபோட்டன்.' திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுத்தேன். மூன்றுமுறை அப்படி. ஒவ்வொருமுறையும், இனி ரயில் எடுத்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மணித்தியாலம் நின்றது.

ரயில் அசைந்தபோது மச்சாளிடம் இருந்துதான் கோல் வந்தது. அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சாள், அவரை ஆம்புலன்சிலை ஏத்தியாச்சு. நான் கூடப் போறன். நீங்கள் வீட்டை போய்க் கதவைப் பூட்டுங்கோ."

நடந்தது இதுதான். அறை பதின்மூன்றுக்கு வந்துவிட்டது. மச்சாள் பக்கத்து வீட்டில் இன்னொரு ஹீற்றர் வாங்கி வந்து செருகினார். இரண்டு ஹீற்றரும், பொம்ப்புக்குள் எரிந்துகொண்டிருந்த கம்பியும் சேர்ந்து இழுக்க, வீட்டுக் கறண்ட் முழுக்க விழுந்தது. ஒட்சிசன் மெஷின் கத்திக்கொண்டு நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரை மச்சாள் திறந்து மாட்டினார். ஆனால் குளிரிலும் பயத்திலும் அண்ணைக்கு இழுப்பு அடங்கவில்லை. ஏற்றும்போது வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாராம். விரல்களை மச்சாள்தான் பிரித்துவிட்டார்.

நான் போனபோது கதவு திறந்து கிடந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு இருந்தது. பின்பக்கம் ஓடினேன். முடிச்சுகள் கல்லாக உறைந்திருந்தன. என் முடிச்சுகள் லேசில் அவிழாது. குசினிக் கத்தியால் அறுத்தேன். தறப்பாளுக்குள் அந்த மெஷின் ஒரு பனிக்கட்டிப் பாளத்துக்குள் நின்றது. விசிறிச் சிறகுகூடத் தெரியவில்லை. கத்தியால் கொத்தப் போனேன், தகடு கிழிந்துவிடும் என்று நிறுத்தினேன். கொதிநீரை ஊற்றவும் பயம். வாளி வாளியாக இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கை உணர்வில்லாமல் போகும்வரை ஊற்றினேன். பிறகு விழுந்திருந்த கறண்ட் சுவிட்சைத் தூக்கி, பொம்ப்பை இருபதில் போட்டேன். விசிறி இரண்டுமுறை திணறிச் சுற்றத் தொடங்கியது.

விடியும்போது வீடு பதினெட்டு. சாரங்கள் இல்லாத ரேடியேற்றர்கள் எல்லா அறையிலும் இளஞ்சூட்டில் இருந்தன. ஆள்தான் இல்லை.

அருளப்பன் சொன்னபடி காலையில் வந்தார். மச்சாளும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தார். அருளப்பன் மெஷினின் அடியைப் பார்த்தார், தண்ணீர் வடியும் துளையில் இருந்த ஐஸைச் சுரண்டினார், மூன்று பக்கமும் பனியை ஒதுக்கிவிட்டார். உள்ளே வந்து ஏதோ பொத்தான்களை அமத்தினார். வெளிக்குளிரைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டும் என்பதை மெஷினே முடிவு செய்யும்படி வைத்திருக்கிறாராம். "இனிமே யாரும் இதத் தொடாதீங்க. நிறுத்தாதீங்க. நிறுத்தினா திரும்ப சூடேற ரொம்ப நேரம் எடுக்கும்."

"ஏன் தம்பி நிண்டது?" என்று மச்சாள் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பனிதான்க்கா. காத்து அடைச்சிருக்கு" என்றார். போகும்போது வாசலில் என் கையில் ஒன்றை வைத்தார். நீலக் கயிற்றுத் துண்டு. முடிச்சு அப்படியே இருந்தது.

மீதி நாட்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அண்ணையின் முகத்தில் பெரிய மாஸ்க். கதைக்க விடமாட்டார்கள். கடைசி நாள், மச்சாள் கோப்பி வாங்கப் போன நேரம், காதருகில் குனிந்து தறப்பாள் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கூரையைப் பார்த்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "இப்ப வீடு எத்தினை?" என்றார்.

"இருபது, அண்ணை."

மாஸ்க்கை விட்டார். கண்ணை மூடினார். மன்னித்தாரா, அந்த அறையை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. விசா முடிந்து நான் திரும்பி வந்த ஒன்பதாம் நாள் அவர் அங்கேயே, அந்தக் கட்டிலிலேயே போனார். லா சப்பல் கடைக் கண்ணாடியில் அவருடைய படமும் ஒட்டப்பட்டதாகச் சிவா அண்ணை சொன்னார்.

ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மச்சாள் இதை வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நேரில் சொல்லப் பதினான்கு நாள் இருந்தது, வாய் வரவில்லை.

போன கிழமை கோல் எடுத்தார். அங்கே குளிர் விட்டுவிட்டதாம். கோட்டில்லாமல் ஆட்கள் திரிகிறார்களாம். ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்திருந்த அண்ணையின் கட்டிலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். அறை வெறுமை.

"பொம்ப்பை நிப்பாட்டிப்போட்டியளோ மச்சாள்?" என்று கேட்டேன்.

"இல்லை. அவரின்ரை அறையிலை இருபதிலைதான் ஓடுது" என்றார். பிறகு, "அந்தத் தம்பி சொன்னவரெல்லே, நிப்பாட்டினால் திரும்பச் சூடேற நேரம் எடுக்கும் எண்டு."

"ஓம் மச்சாள்" என்றேன்.